மாவரைக்கும் முதலாளி

தாராவியின் தொண்ணூறு அடிச் சாலை ஓய்ந்து கிடக்கும் நேரம் ஒன்று உண்டென்றால், அது விடியற்காலை மூன்று மணிதான். ஆனால் சாலையை விட்டு உள்சந்துகளில் திரும்பினால் கதை வேறு. அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகளில் விளக்கு எரிகிறது. காஸ் அடுப்பின் இரைச்சல் கேட்கிறது. புளித்த மாவின் வாசனையும், தேங்காயோடு பச்சை மிளகாய் அரைபடும் வாசனையும் சந்து முழுவதும் நிற்கின்றன.

ஆறு மணிக்குள் இந்த வீடுகளிலிருந்து சைக்கிள்கள் புறப்படும். பின் காரியரில் அலுமினியக் குண்டான்; பக்கவாட்டில் சட்னித் தூக்கும் சாம்பார் வாளியும்; கைப்பிடியில் ரப்பர் ஹாரன். சயான், மாட்டுங்கா, தாதர், குர்லா என்று நாலா பக்கமும் அந்த ஹாரன் சத்தம் போகும். தட்டை எடுத்துக்கொண்டு இறங்கி வருகிறவர்களில் மராத்தியரும் குஜராத்தியரும் நம்மவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர்.

சைக்கிளில் வரும் "இட்லி அண்ணா"வை மும்பைக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு முதலாளி இருக்கிறார் என்பது அநேகருக்குத் தெரியாது. முதலாளி என்றதும் சுழல் நாற்காலியும் மேஜையும் நினைவுக்கு வர வேண்டாம். லுங்கியை மடித்துக் கட்டி, முழங்கை வரை மாவோடு நிற்கிறாரே, அவர்தான்.

அப்படி ஒருவரின் கதை இது. பெயர் வேண்டாம், அண்ணாச்சி என்றே இருக்கட்டும். சந்தில் அவரை அப்படித்தான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு ஆள் வருவது இன்று நேற்று தொடங்கியதல்ல. தோல் ஷாப்புகளில் வேலைக்கென்று வந்தவர்களின் பேரன் பேத்திகள் இன்று இங்கே குடும்பஸ்தர்கள். அண்ணாச்சி அந்தத் தலைமுறை அல்ல. பதினாறு வயதில், வேறொரு இட்லி வீட்டுக்குக் கையாளாக வந்தவர். ஆறு வருடம் அங்கே அரைத்து, அவித்து, சைக்கிள் மிதித்து, பிறகு ஒரு கிரைண்டரும் இரண்டு கொப்பரையும் வாங்கித் தனியாக அடுப்பு மூட்டினார். இன்று நான்கு சைக்கிள் ஓடுகிறது. வீட்டில் அரைக்கவும் அவிக்கவும் சம்பளத்துக்கு இரண்டு பேர். மேல்தட்டில் ஆறு பேரும் படுத்துக்கொள்கிறார்கள். கீழே அண்ணாச்சி குடும்பம். பகலில் கீழ்த்தளம்தான் கடை, தொழிற்சாலை, கிடங்கு எல்லாம்.

கை விட்டுப் போகாத வேலை

இட்லித் தொழிலில் மாவுதான் மூலதனம். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தெரியாதது அதற்குப் பிறகு வருவது. மே மாதப் புழுக்கத்தில் கிரைண்டர் கல்லே சுட்டுவிடும். ஐஸ் தண்ணீர் விட்டு அரைக்காவிட்டால் மாவு அரைபடும்போதே புளிக்கத் தொடங்கும். ஜனவரியில் இரவு குளிர்ந்துவிட்டால் மூன்று மணிக்கும் மாவு அசையாமல் கிடக்கும். முந்திய மாலையே முன்கூட்டி அரைத்துச் சாக்கு போட்டு மூடியிருக்க வேண்டும். மழைக்காலத்தில் உளுந்து ஈரம் இழுத்திருக்கும், ஊறவைக்கும் நேரம் குறையும். உப்பைப் போட்டுக் கையால்தான் கலக்க வேண்டும், கரண்டியால் கலந்தால் பொங்காது என்பது அண்ணாச்சியின் சித்தாந்தம். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.

இவ்வளவும் அவர் விரல் நுனியில் இருக்கிறது; வேறு எங்கும் இல்லை. அதுவே அவருக்குப் பெருமை. அதுவே அவருக்குத் தொல்லையும். தொழிலில் எந்தத் தலைவலி வந்தாலும் அவர் கால்கள் தாமாகவே கிரைண்டர் பக்கம் போகும். கடன்காரர் வாசலில் நிற்கிறாரா? மாவைப் பார்க்க வேண்டும். இரண்டு பையன்கள் சண்டையா? மாவைப் பார்க்க வேண்டும். தெரிந்த வேலையில் ஒளிந்துகொள்வது எவ்வளவு சுலபம்! கையில் மாவு இருக்கும்போது பென்சில் பிடிக்க முடியாதல்லவா? சிறு தொழில் செய்யும் நம்மவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். தையல்காரர் மெஷினை விட்டு எழுந்திருக்க மாட்டார். லேத் பட்டறைக்காரர் எண்ணெய்க் கையோடுதான் பேசுவார். உழைப்பாளி என்று ஊர் மெச்சும். பேரேடு மட்டும் காலியாகக் கிடக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் அண்ணாச்சிக்கு மஞ்சள் காமாலை கண்டது. பத்து நாள் படுக்கை. முதல் நாள் பையன்கள் அவித்த இட்லி கல்லாக இருந்தது. இரண்டாம் நாள் புளிப்பு. நான்காம் நாள் தாதர் பக்கம் போன சைக்கிள் பாதிக் குண்டானோடு திரும்பி வந்தது. பத்து நாளில் போன வாடிக்கையைத் திரும்பப் பிடிக்க நாலு மாதம் ஆயிற்று. உடம்பு தேறி எழுந்தவுடன் அண்ணாச்சி செய்த முதல் காரியம், பையன்களில் சூட்டிகையான ஒருவனைக் கிரைண்டர் பக்கத்தில் உட்கார வைத்ததுதான். ஒரு வருடம் கற்றுக் கொடுத்தார். மாவின் கொதிநிலையை மூக்கால் சொல்லும் அளவுக்கு அவன் தேறினான்.

தேறியவன் என்ன செய்தான்? பக்கத்துச் சந்தில் தனியாக அடுப்பு மூட்டினான்.

யாரிடம் கற்றுக்கொண்டோம்?

அண்ணாச்சி ஒரு வாரம் அவன் பெயரை எடுக்கவில்லை. சோறு போட்டு, தொழில் சொல்லிக் கொடுத்து, கடைசியில் தன் வாடிக்கையையே இழுக்க ஆள் தயார் செய்தோமே என்ற ஆத்திரம். அவருடைய மனைவிதான் ஒருநாள் கேட்டார்:

"நீங்க மட்டும் என்ன செஞ்சீங்க?"

அவரும் அதைத்தானே செய்தார்? ஆறு வருடம் சோறு போட்ட வீட்டிலிருந்து கிளம்பி வந்துதானே தனி அடுப்பு மூட்டினார்? அந்தப் பழைய முதலாளி இரண்டு வருடம் இவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தாராவியில் இட்லி வீடு வைத்திருப்பவர்களில் ஒரு காலத்தில் யாருக்காவது கையாளாக இல்லாதவர் அபூர்வம். தொழில் கற்றுக் கொடுத்தால் ஆள் போய்விடுவான். கற்றுக் கொடுக்காவிட்டால் ஒரு காய்ச்சலில் தொழிலே போய்விடும். இதற்கு வழி என்ன?

அண்ணாச்சி கண்ட வழி இது. பையன்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். போகிறவன் சொல்லிவிட்டுப் போகட்டும். ஆறு மாதம் முன்னதாகச் சொன்னால் புது லைன் பிடித்துக் கொடுப்பேன். பழைய லைனில் மட்டும் கை வைக்கக் கூடாது. சைக்கிள் போகும் தெருக்களின் வரிசைதான் லைன். ஒரு லைன் உருப்பட வருடங்கள் ஆகும். அப்படிச் சொன்ன பிறகும் ஒருவன் போனான். ஆனால் சொல்லிவிட்டுப் போனான். இப்போது கிரைண்டர் பக்கம் ஒருவருக்கு இருவர் தயார். அவர்களில் ஒருவர் தங்கை மகன். "ஏலே, கல்லைக் கழுவிட்டியா?" என்று கீழேயிருந்து ஒரு சத்தம் கொடுப்பதோடு சரி; ராத்திரி அரைப்பை அண்ணாச்சி அவர்களிடம் விட்டுவிட்டார்.

சம்பளம் கொடுப்பதோடு ஆள் நிர்வாகம் முடிந்துவிடுவதில்லை. ஊரில் அம்மா போன் செய்வார், பையன் பணம் அனுப்பவில்லை என்று. கெடுபிடி நாள்களில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் மீட்டு வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கோவில் கொடை. சித்திரையிலும் ஆடியிலும் ஊரில் அம்மனுக்குக் கொடை என்றால் எந்தப் பையனையும் பிடித்து நிறுத்த முடியாது. முன்பெல்லாம் கிளம்புகிற அன்றைக்குத்தான் அண்ணாச்சிக்குத் தெரியும்.

"அண்ணாச்சி, ஊருக்குப் போயிட்டு வந்திருதேன்."

"எப்பல வருவ?"

"கொடை முடிஞ்சதும்."

கொடை முடிந்து, அறுப்பு முடிந்து, தங்கை கல்யாணமும் முடிந்து வருவான்!

இப்போது ரயில்வே முன்பதிவே அண்ணாச்சிக்கு வருகைப் பதிவேடாகிவிட்டது. 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளைக்கு முன் திறக்கிறது. அதற்கு முன் 120 நாளாக இருந்தது. நாகர்கோவில் எக்ஸ்பிரஸிலோ தாதர் - திருநெல்வேலி எக்ஸ்பிரஸிலோ கொடை சமயத்தில் இடம் வேண்டுமானால் திறந்த அன்றே போட்டாக வேண்டும். பையன்களுக்கு டிக்கெட் போடுவதை அண்ணாச்சி தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். போகவும் வரவும் சேர்த்து. யார், எந்தத் தேதியில் போகிறான், எந்தத் தேதியில் திரும்புகிறான் என்று இரண்டு மாதம் முந்தியே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. இரண்டு பேருக்கு மேல் ஒரே வாரத்தில் போவதில்லை என்று பையன்களே பேசி வைத்துக்கொண்டார்கள்.

பள்ளிக்கூட நோட்டு

மிச்சமிருந்தது பணம். அண்ணாச்சியின் நிதி நிர்வாகம் வெகுகாலம் வரை இரண்டு இடங்களில் நடந்தது: அவருடைய சட்டைப்பை, மனைவியின் கடுகு டப்பா. பையில் பணம் இருந்தால் லாபம், இல்லாவிட்டால் நஷ்டம். அரிசிக் கடைக்குப் போகிற பணமும் மகளின் பள்ளிக்கூடச் சம்பளமும் ஒரே பையிலிருந்துதான் போயின.

2020 மார்ச் 25-இல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. ஏப்ரல் 1-ஆம் தேதி தாராவியில் முதல் நோயாளி என்று செய்தி வந்தது. சந்துகளுக்குக் கட்டை கட்டினார்கள். மே மாதம் சிறப்பு ரயில்கள் விட்டபோது பையன்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அண்ணாச்சிக்கு மூன்று மணிக்கு எழுந்திருக்க வேலை இல்லை. கல்லூரியில் பி.காம். சேரவிருந்த மகளுக்கும் வேலை இல்லை. அவள் ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அப்பாவைக் கேள்வி கேட்கத் தொடங்கினாள்.

அந்த நோட்டு வழக்கம் அன்றோடு நிற்கவில்லை. பையன்கள் திரும்பி வந்து, தொழில் பழையபடி ஓடத் தொடங்கியபோது கணக்கு தெளிவாக வந்தது. விலைவாசியை முழு எண்ணாக வைத்துக்கொண்டு ஒரு நாளைப் பார்ப்போம். 20 கிலோ அரிசி, 5 கிலோ உளுந்து. ஏறக்குறைய 1,200 இட்லி. சைக்கிள் பையன்களுக்குச் சம்பளம் கிடையாது. இட்லிக்கு நாலரை ரூபாய் அண்ணாச்சிக்கு, மேலே விற்பது அவர்களுக்கு. ஆக வரவு 5,400. செலவு: அரிசி 1,000, உளுந்து 650, தேங்காய், பருப்பு, மிளகாய், காய்கறி 900, காஸ், மூன்று நாளைக்கு ஒரு சிலிண்டர் என்று வைத்து 550, வீட்டிலிருக்கும் இரண்டு ஆள்களுக்குச் சம்பளமும் சாப்பாடும் 1,300, மின்சாரம், தண்ணீர் 200. மொத்தம் 4,600. மீதி 800 என்று அண்ணாச்சி கணக்குச் சொன்னார்.

"திரும்பி வர்றது?" என்றாள் மகள்.

பத்துக்கு ஒன்று விற்காமல் திரும்புகிறது. 120 இட்லி, 540 ரூபாய். மீதி 260.

வீட்டு ஆள் ஒருவருக்குச் சாப்பாடு போக ரொக்கம் 500 ரூபாய். முதலாளிக்கு 260! அதுவும் அவர் மனைவி தேங்காய் துருவிய கூலி சேராமல். கையாளாக இருந்த காலத்தில்கூட அண்ணாச்சி இவ்வளவு மலிவாக வேலை பார்த்ததில்லை. தன் உழைப்புக்கு ஒரு விலை போட்டுச் செலவில் எழுத வேண்டும் என்பது அவருக்கு அன்றுவரை தோன்றியதே இல்லை. சின்ன முதலாளிகளில் பலர் ஏமாறுவது இந்த ஒரு வரியில்தான்.

இது போதாதென்று, ஓர் அலுவலகக் கேன்டீனுக்குத் தினம் 300 இட்லி தனியாகப் போய்க்கொண்டிருந்தது. பெரிய இடம் என்று அண்ணாச்சிக்கு அதில் ஒரு கௌரவம். பணம் வருவது இரண்டு மாதம் கழித்து. மாதம் 25 நாள் என்றாலும் 33,750 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 67,500 வெளியே நின்றது. அந்தப் பள்ளத்தை நிரப்பத் தினவட்டிக்காரரிடம் கை நீட்டினார். அதாவது, வட்டி கட்டி வாங்கிய பணத்தில் அடுத்தவருக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இங்கே வாசகர்களில் தொழில் செய்கிறவர்கள் கவனிக்க ஒரு விஷயம் உண்டு. குறு, சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சரக்கு வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் வட்டி உண்டு. 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இன்னும் ஒரு முடிச்சுப் போட்டது: கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கிற வரை, வாங்கியவர் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. ஆனால் இந்தப் பாதுகாப்பைக் கேட்க உத்யம் பதிவு வேண்டும். 2020 ஜூலை முதல் நடக்கும் இந்தப் பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும். மகள் ஒரு மாலையில் பதிவு செய்து முடித்தாள். பதிவுச் சான்றின் நகலோடு அண்ணாச்சி கேன்டீனுக்குப் போனார். பழைய பாக்கி வந்தது, ஆர்டர் போயிற்று. கௌரவம் போனதில் கொஞ்ச நாள் வருத்தம். தினவட்டி நின்றதில் தூக்கம் வந்தது.

அடுத்தது விலை. மூன்று வருடமாக அண்ணாச்சி விலை ஏற்றவில்லை. ஏற்றினால் பையன்கள் பங்கு குறையும், முணுமுணுப்பார்கள் என்ற பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மேல்தட்டில் உட்கார்ந்து நோட்டைப் பையன்கள் முன்னால் விரித்துவிட்டார். முதலாளி கணக்கைத் தொழிலாளியிடம் காட்டுவதா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாராம். கணக்கைப் பார்த்த பையன்களுக்கு 260 என்ற எண்ணை நம்ப முடியவில்லை. அண்ணாச்சி பணக்காரர் என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாலு இட்லித் தட்டுக்கு ஐந்து ரூபாய் ஏற்றுவது, அதில் இட்லிக்கு முக்கால் ரூபாய் வீட்டுக்கு, அரை ரூபாய் சைக்கிளுக்கு என்று அங்கேயே முடிவாயிற்று. மழை நாளில் குண்டானைக் குறைத்துக் கட்டலாம் என்று சொன்னது ஒரு பையன்தான். எந்தத் தெருவில் எத்தனை மிஞ்சும் என்று முதலாளியை விட அவனுக்குத்தானே தெரியும்?

இன்னொரு சிக்கல் போனில் வந்தது. நாலு சைக்கிளிலும் அண்ணாச்சியின் க்யூஆர் அட்டைதான் தொங்கியது. காலை முழுவதும் பணம் வந்து விழும் சத்தம் இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் பையன்களின் பங்கும் சேர்ந்து முழு விற்பனையும் அவர் பெயரில் ஏறிக்கொண்டிருந்தது. 2025 ஜூலையில் பெங்களூருவில் யுபிஐ வரவை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போன செய்தி வந்தபோதுதான் மகள் விழித்துக்கொண்டாள். இப்போது ஒவ்வொரு பையனுக்கும் அவனவன் பெயரில் அட்டை. மதியம் வந்து வீட்டுப் பங்கைத் தீர்க்கிறார்கள். பணத்தைப் பையன் கையில் விடுவதா என்று அண்ணாச்சி இரண்டு மாதம் யோசித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். இன்றுவரை ஒருவன்தான் ஒரு தடவை தாமதித்தான்.

இப்போது அண்ணாச்சியின் நாள் இப்படிப் போகிறது. மூன்றிலிருந்து ஆறு வரை அடுப்படி. ஒன்பது மணிக்கு ஒரு தூக்கம். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை நோட்டு. அந்த ஒரு மணி நேரம் கிரைண்டர் தீப்பிடித்தாலும் கூப்பிடக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. மாலையில் ஊறவைப்பதும் இரவில் அரைப்பதும் மற்றவர்கள். எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. மாட்டுங்காவில் இருபது வருட வாடிக்கைக்காரப் பெரியவர் ஒருவர், இட்லியில் பழைய கை இல்லையே என்று சைக்கிள் பையனிடம் சொல்லி அனுப்பினார். அண்ணாச்சிக்கு அன்று சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை இரவு மட்டும் தாமே அரைப்பது என்று அதற்குப் பிறகுதான் வைத்துக்கொண்டார். பெரியவர் இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு தட்டு வாங்குகிறார்.

வீடா, கடையா?

இவ்வளவும் நேர்பட்டு வரும் சமயத்தில் வேறொரு கேள்வி வாசலுக்கு வந்தது. தாராவி மறுசீரமைப்பு டெண்டர் 2022 நவம்பரில் முடிவாகி, 2024 மார்ச் முதல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருந்ததாகக் காட்டுகிறவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். தகுதியுள்ள கடைகளுக்கு 225 சதுர அடி வரை இலவச இடம் என்பது அறிவிப்பு. கணக்கெடுக்க வருகிறவர் கேட்கும் கேள்வி: இது வீடா, கடையா?

இரண்டும்தான். ஆனால் தாளில் எது?

கடை என்று காட்டக் குமாஸ்தா லைசென்ஸ் போன்ற தாள் வேண்டும்; அண்ணாச்சி எடுத்ததில்லை. முதல் கிரைண்டர் வாங்கிய ரசீது இல்லை. அரிசிக் கடைப் பற்றுச் சீட்டுகளை அடுப்பு மூட்டக் கொடுத்தாயிற்று. முப்பது வருடத் தொழில் அவருடைய கையிலும் மூக்கிலும் பத்திரமாக இருக்கிறது. கணக்கெடுப்பவரிடம் அதைக் காட்ட முடியாது. அடுக்குமாடி வீட்டில் 25 கிலோ அரைத்து, ஆறு பேரைப் படுக்கவைத்து, விடியுமுன் நாலு சைக்கிளை லிஃப்டில் இறக்க முடியுமா என்பது அடுத்த கவலை.

வீட்டைக் குடைந்ததில் ஒரு மின்சார பில் அகப்பட்டது. கிரைண்டர் ஆடாமல் இருக்க அதன் கால் அடியில் மடித்து வைத்திருந்த தாள். மாவுக் கறை படிந்து மஞ்சளாகிப் போயிருந்தாலும் 1998 என்ற வருடம் தெளிவாக இருக்கிறது. அண்ணாச்சிக்கு நிலைகொள்ளாத சந்தோஷம். மகள்தான் தாளை வெளிச்சத்தில் பிடித்து மீண்டும் படித்தாள். வீட்டு உபயோகக் கட்டணம் என்று போட்டிருந்தது. கடைக் கட்டணம் கூடுதல் என்று அந்தக் காலத்தில் அண்ணாச்சி வீட்டுக் கணக்கிலேயே எழுதி வாங்கியிருந்தார். மாதம் சில ரூபாய் மிச்சம் பிடித்த சாமர்த்தியம்.

வீட்டுக்கு அது சாட்சி. கடைக்கு வேறு சாட்சி தேட வேண்டும். குமாஸ்தா லைசென்ஸுக்கு இப்போதாவது மனுப் போடுவது, பழைய அரிசிக் கடையின் பேரேட்டில் தன் பெயர் இருக்கிறதா என்று கேட்பது, சந்தில் இருக்கும் மற்ற இட்லி வீட்டுக்காரர்களைக் கூட்டி எல்லோருமாகப் போய்க் கேட்பது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது வரிக்காக அண்ணாச்சி முதலில் போன வீடு, பக்கத்துச் சந்தில் தனியாக அடுப்பு மூட்டிய அந்தப் பையனுடையது. அவனிடமும் ரசீது ஒன்றும் இல்லை. இருவருமாகப் பேசிவிட்டு வரும்போது இரவு மணி பதினொன்று. தங்கை மகன் மாவை அரைத்து மூடி வைத்திருந்தான். அண்ணாச்சி மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மூடிவிட்டு, மூன்று மணிக்கு அலாரம் வைத்தார்.